பிக்கப்பைக் கழற்றும் முன் ஜாக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் மின் கிதார் வாசிப்பவர்கள் பலர், பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்பைப் பொருத்திக்கொள்கிறார்கள். (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்.) சில மாதங்களில் ‘சத்தம் கரகரக்கிறது, பேட்டரி நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்று அதைக் கழற்றிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் பிக்கப்பில் இல்லை. பழைய வயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு பிக்கப்பை மட்டும் மாற்றியதில்தான் இருக்கிறது.

சாதாரணப் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் போட்ட மெல்லிய செம்புக் கம்பி. கிதார் தந்தியின் அதிர்வோடு சீரியல் விளக்கு, டிம்மர், பக்கத்து வயர் எல்லாவற்றின் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். கேபிள் நீள நீள அதன் ஒலியில் கூர்மையும் மங்கும். ஆக்டிவ் பிக்கப்பில் சுற்றுகள் குறைவு. அது தரும் சன்னமான சிக்னலை உள்ளேயே இருக்கும் சின்ன ஆம்ப் பெருக்கி அனுப்புகிறது. 1976-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இஎம்ஜி நிறுவனத்தின் 81, 85 மாடல்கள் இந்த வகையில் பேர்பெற்றவை. வெளியே வரும் சிக்னலின் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 10 கிலோ ஓம் அளவுக்கு இறங்கிவிடுவதால் பத்து மீட்டர் கேபிள் போட்டாலும் ஒலி மங்காது. ஜெனரேட்டரில் ஓடும் நம்மூர்த் திருவிழா மேடைக்கு இது மிகவும் பொருத்தமானது என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் அந்தக் குறைந்த இம்பீடன்ஸுக்கு ஏற்ற வால்யூம், டோன் பாட்களும் (குமிழைத் திருகினால் மாறும் மின்தடைகள்) வேண்டும். சாதாரணப் பிக்கப்புக்கு 250 அல்லது 500 கிலோ ஓம் பாட் போடுவார்கள். ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம். பழைய 500-ஐ மாற்றாமல் விட்டால் வால்யூமைத் திருகத் திருக ஒன்றும் நடக்காது. கடைசிக் கொஞ்சத்தில் சத்தம் சட்டென்று விழும். டோன் கண்டென்சரும் 0.022 அல்லது 0.047-லிருந்து 0.1 மைக்ரோ ஃபாரடுக்கு மாற வேண்டும். ஒரே கிதாரில் ஒன்று ஆக்டிவ், ஒன்று சாதாரணம் என்று வைப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் பாட் போடட்டும். 25 கிலோ ஓம் பாட்டில் சாதாரணப் பிக்கப்பைக் கோத்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும்.

அதிகம் தவறு நடப்பது கிதாரில் கேபிளைச் செருகும் ஜாக்கில்தான். ஆக்டிவ் பிக்கப்புக்கு ஸ்டீரியோ ஜாக் கட்டாயம். அதன் மூன்று கால்களில் முனையைத் தொடும் கால் சிக்னலுக்கு. பிளக்கின் உடலைத் தொடும் கால் எர்த்துக்கு. நடுவில் உள்ள ரிங் காலில்தான் பேட்டரியின் கறுப்பு வயர் சேர வேண்டும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகும்போது அதன் உலோக உடல் ரிங்கையும் எர்த்தையும் இணைக்கிறது, பேட்டரி சுற்று முழுமையாகிறது. அந்த பிளக்தான் சுவிட்ச். பழைய இரண்டு கால் ஜாக்கையே வைத்துக் கறுப்பு வயரை எர்த்தில் சால்டர் செய்தால் கிதார் நன்றாகவே பாடும், ஆனால் பெட்டிக்குள் தூங்கும்போதும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். சரியான ஜாக் போட்ட பின்பு ஸ்டீரியோ பிளக் உள்ள கேபிளைச் செருகினால் கிதார் ஊமையாகிவிடும்; அதையும் பிக்கப் பழுது என்று எண்ணிவிடுகிறார்கள்.

சோதிப்பது எளிது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர், மைக்ரோ ஆம்பியர் அளவு உள்ளதாக இருந்தால் போதும். பேட்டரி கிளிப்பின் ஒரு முனையை மட்டும் விலக்கி, நடுவில் மீட்டரைக் கோத்துப் பாருங்கள். பிளக் இல்லாதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். செருகியதும் இஎம்ஜி 81 ஒன்றுக்குச் சுமார் 80 மைக்ரோ ஆம்பியர் வரும். இரண்டு பிக்கப்புக்கு 160. ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்தால் மூவாயிரம் மணி நேரம் தாங்கும். கேபிளைப் பிடுங்காமலே மூலையில் சாய்த்து வைப்பவருக்கு நான்கு மாதத்தில் முடிந்துவிடும். 2 மில்லி ஆம்பியர் இழுக்கும் பிக்கப்பாகவோ பேஸ் கிதாருக்குள் இருக்கும் பிரீஆம்ப்பாகவோ (முன்பெருக்கி) இருந்தால் பத்தே நாள்.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கார்பன் ரகத்தின் 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் கசியும்; ஆல்கலைனையே போடுங்கள். புதியது 9.5 வோல்ட் அளவில் காட்டும். 8-க்குக் கீழே போனால் மேடைக்கு நம்பி எடுத்துப் போகாதீர்கள்: முதலில் ஓங்கி வாசிக்கும் இடங்கள் உடையும், பிறகு மெல்லிய சுரங்கள் அறுபட்டு மறையும். யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லித்தியம் 9 வோல்ட் பேட்டரிகளுக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சர்க்யூட் இருப்பதால் சிலவற்றில் கீச்சென்ற ஒலி கலக்கும். கடற்காற்றில் கிளிப் பச்சை பூத்துவிட்டால் புதிது போடுவதே மேல். ஆல்கலைன் கசிந்த வெள்ளைப் பொடியை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்கு உலர்த்துங்கள். உள்ளே செம்புத் தாள் ஒட்டிய கிதாராக இருந்தால் பேட்டரியை ஸ்பாஞ்சில் சுற்றி வையுங்கள். முனைகள் தாளில் பட்டால் ஷார்ட் ஆகும். கிளிப்பை மாட்டும்போது ஒரு நொடிகூடத் தலைகீழாகத் தொட விடாதீர்கள், உள்ளிருக்கும் ஆம்ப் போய்விடலாம்.

கடைசியாக உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சாதாரணப் பிக்கப் உள்ள கிதாரில் இரைச்சலைக் குறைக்க, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து எர்த்துக்கு ஒரு வயர் போகும். அதனால் தந்தியைப் பிடித்த கை, கேபிளின் மறுமுனையில் உள்ள மேடை ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தே இருக்கிறது. மைக்கில் மின்கசிவு இருந்தால் உதடு பட்டதும் உடலில் மின்சாரம் பாயும். ஸ்காட்லாந்து கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-ல் ஸ்வான்சி மேடையில் இப்படித்தான் இறந்தார். இஎம்ஜி பிக்கப்புக்கு அந்த வயர் தேவையில்லை, துண்டித்துவிடுங்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. எல்லா நிறுவனமும் அப்படிச் சொல்வதில்லை. கூடவே வரும் தாளைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டும். துண்டித்த பின்பும் ஜாக் தகடு, உலோகக் குமிழ், பிளக் ஆகியவை எர்த்தோடுதான் இருக்கின்றன. ஆகவே வாசிப்பவர் தொடங்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை மைக்கின் வலையிலும் மற்றதைக் கிதார் பிளக்கின் உலோகத்திலும் தொட்டுப் பார்க்கட்டும். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைக் செட்காரர் எர்த்தைச் சரிசெய்யும் வரை மைக்கின் அருகில் போகக் கூடாது. விழாக் குழுவினரும் ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று மேடை போடும் அன்றே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கிதார் வயரிங் வேலை செய்பவர்,
பெரம்பூர், சென்னை