குத்திய ஊசியை மறைக்கும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பிடிபட்டதாக வடசென்னையிலிருந்து அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை மாத்திரை, எத்தனை சிரிஞ்சு பறிமுதல் என்பது வரை அச்செய்திகளில் இருக்கும். பயன்படுத்தி வீசிய சிரிஞ்சுகள் எங்கே கிடக்கின்றன, அவற்றை முதலில் காண்பவர் யார் என்பது இருப்பதில்லை. வியாசர்பாடியில் மாலை நேர வகுப்பு நடத்தும் நான் அதை அறிந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். பலர் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். சென்ற ஆண்டு, என்னிடம் படிக்கும் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், ரயில் பாதையோரப் புதருக்குள் விழுந்த பந்தை எடுக்கப் போய், ஊசியோடு கிடந்த சிரிஞ்சை மிதித்துவிட்டான். தானே பிடுங்கி எறிந்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறான். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் கண்டித்திருந்ததால், சொன்னால் அடி விழும் என்று பயந்து வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை அவன் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து நான் விசாரித்த பிறகே அழுதபடி சொன்னான்.

அன்றிரவே அவன் தாயும் நானும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஊசி குத்தி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், அதை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தொடங்கி 28 நாள் விடாமல் தர வேண்டுமாம். பயத்தில் அவன் இழந்தது இந்த நேரத்தைத்தான். அடுத்துக் கேட்டது தடுப்பூசி அட்டை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரமாவது உயிரோடு இருக்கும் என்பதால், பிறந்தவுடனும் 6, 10, 14ஆம் வாரங்களிலும் போடும் அந்தத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டனவா என்று பார்த்தார்கள். அவன் தாய் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். பல மாதங்கள் ரத்தப் பரிசோதனை தொடர்ந்தது. தொற்று ஏதும் இல்லை. அதுவரை அந்தத் தாய் பட்ட வேதனையை அருகிலிருந்து பார்த்தேன்.

"தொட்டால் எய்ட்ஸ் வந்துவிடும்" என்று மிரட்டுவதையே நாம் பாதுகாப்புக் கல்வி என்று நினைத்திருக்கிறோம். உண்மையில், எச்.ஐ.வி. உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி மருத்துவப் பணியாளரைக் குத்தினாலும் தொற்றுவதற்கான வாய்ப்பு சராசரியாக ஆயிரத்தில் மூன்றுதான். தெருவில் கிடந்த ஊசியால் தொற்றுவது அதைவிட மிக அரிது. மிரட்டலால் ஊசி குத்துவது நிற்காது. குத்தியதைப் பிள்ளை மறைப்பதே மிச்சம்.

இப்போது என் வகுப்பில் மாதம் ஒருமுறை இதைச் சொல்லித் தருகிறேன். ஊசியைக் கண்டால் தொடாதே, காலால் தள்ளாதே, மூடியைத் தேடிப் போடாதே. ஒருவர் தள்ளி நின்று காவல் இருக்க, இன்னொருவர் ஓடிவந்து பெரியவரை அழைக்கட்டும் என்கிறேன். சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி விளையாடும் பழக்கம் சிறு பிள்ளைகளிடம் உண்டு. அதை விடவைப்பதுதான் கடினமாக இருக்கிறது. குத்திவிட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்குவது, வாயில் வைத்து உறிஞ்சுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் கூடாது. குத்திய ஊசியைத் தேடி எடுத்துவரவும் தேவையில்லை. இவ்வளவையும் சொன்ன பிறகு, பெற்றோரையும் அழைத்து, "ஊசி குத்தியது என்று வந்து சொன்னால் உன்னை அடிக்க மாட்டோம், திட்டவும் மாட்டோம்" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வைக்கிறேன். இதைச் சொல்லத் தயங்கும் தந்தையரும் உண்டு. அவர்களிடம் 72 மணி நேரக் கணக்கை விளக்குகிறேன்.

போதைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பல வீடுகளில் ஊசியை அப்படியே குப்பைப் பையில் போடுகிறோம். அது தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கிறது, காயலான் கடைக்குப் பொறுக்கும் பிள்ளைகளின் கைக்கும் போகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் அபாயக் கழிவில் சேர்த்தன. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, "ஊசி" என்று எழுதித் தனியாகக் கொடுத்தால் போதும்.

வடசென்னைப் பள்ளிகள் இறைவணக்கக் கூட்டத்திலும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் ஆடும் இடங்களைச் சுற்றியுள்ள புதர்களை மாநகராட்சி வாரம் ஒருமுறை சோதித்து, ஊசிகளை இடுக்கியால் அகற்ற வேண்டும். ஊசி கிடப்பதைக் கண்டவர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் தரலாம். அந்த எண்ணையும், குத்தியவுடன் செய்ய வேண்டியதையும் தங்கள் நாளிதழ் ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டால், அதை வெட்டி என் வகுப்புச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
மாலை நேர வகுப்பு ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை – 39.