இலை பொறுக்கக் கூட வந்த எல்லாருக்கும் நன்றி

சுங்கை சிப்புட் வட்டார அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் நடக்கும் சிறுவர் வாசிப்பு வகுப்பில், தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை இலையுதிர்காலப் படக்கதைகளையே எடுத்துப் படித்தோம். அதன் முடிவில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஒரு படப்புத்தகம் செய்து முடித்திருக்கிறார்கள். இதற்கு உதவியவர்களுக்கு வாட்சாப்பில் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு இருந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

"நம்ம ஊரு வெயில்ல இலையுதிர்காலமா டீச்சர்?" என்று தொடக்கத்தில் சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மலேசியாவில் நமக்குக் கிடைக்கும் ஆங்கிலப் படக்கதைகளில் மேப்பிள் மரமும் பூசணிக்காயும் கம்பளிச் சட்டையும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் ரசித்துப் படிப்பார்கள். யார் வீட்டுக் கதையோ என்று மூடியும் வைத்துவிடுவார்கள். ஆனால் நம் ஊரிலும் ரப்பர் மரங்களில் ஆண்டுதோறும் இலை பழுத்துச் சிவந்து கொட்டுகிறதே! தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வளரும் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததே இல்லை. பள்ளி வேன் சன்னலில் தெரிவதெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். செம்பனை தானாக உதிர்க்காது, அதன் மட்டையை ஆள் வைத்து வெட்டித் தள்ள வேண்டும்.

ஆகவே முதல் நன்றி, சுற்றியுள்ள நிலமெல்லாம் செம்பனைக்கு மாறிய பிறகும் தன் ரப்பர் மரங்களை வைத்துக் காப்பாற்றி வரும் ஐயாவுக்கு. மாசி வெயிலில், மரங்கள் பாதி மொட்டையாகி நின்ற நேரம் பார்த்துப் பிள்ளைகளை உள்ளே அழைத்தார். காலடியில் சருகு நொறுங்கிய சத்தத்தில் சின்னப் பிள்ளைகள் சிலர் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரே காம்பில் மூன்றாகப் பிரிந்திருக்கும் இலையை எடுத்துக் காட்டினார் ஐயா. பிறகு தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, காம்பு கழன்ற இடத்தில் இருந்த சின்னத் தழும்பைக் கத்தி முனையால் தொட்டுக் காட்டினார். இலையில் இருக்கும் சத்தை மரம் முதலில் உள்ளே இழுத்துக்கொள்கிறது, காம்படியில் ஒரு மெல்லிய தடுப்பை வளர்க்கிறது, அதற்குப் பிறகுதான் இலையை விடுகிறது என்று அவர் சொன்னபோது ஒரு பையன் அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். தளிர் விடும் நேரத்தில் பாலுக்காகப் பட்டையை வெட்டினால் மரம் இளைத்துப்போகும் என்பதால் அந்த நாள்களில் ஐயா கத்தியைத் தொடுவதில்லை. அந்த வருமான இழப்பின் நடுவிலும் எங்கள் பட்டாளத்துக்கு மைலோ கலக்கிக் கொடுத்த அவர் வீட்டு அம்மாவுக்கும் நன்றி.

இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்யும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, வேலைக்குப் போகிற வழியில் ஒரே மரத்தை வாராவாரம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்து அனுப்பினாள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பதையும், டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதையும் அவள் சொன்னதைப் பிள்ளைகள் முதலில் நம்பவே இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குப் பகலின் நீளம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே பகல் குறுகிக் குளிர் ஏற ஏற இலையின் பச்சை சிதைகிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சிவப்பைச் சில மரங்கள் அப்போதுதான் புதிதாக உண்டாக்குகின்றன. நம் ரப்பருக்குக் குளிர் தெரியாது, வறட்சிதான் அதற்கு அடையாளம். தம்பி, தங்கைகளின் கேள்விகளுக்கெல்லாம் இரவு வேலை முடித்த களைப்போடு குரல்பதிவில் பதில் சொன்னாயே அம்மா, உனக்கு எங்கள் அன்பு.

அடுத்துச் சொல்ல வேண்டியவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நம் பாட்டி. படக்கதைகளில் இலையுதிர்காலம் அழகாகவே இருக்கும். பாட்டி வந்து உட்கார்ந்து அதன் மறுபக்கத்தைச் சொன்னார். "இலை கொட்டுற மாசம் பால் பிடிக்கிற மங்குல பாதிகூட நெறையாது. பால் கொறைஞ்சா காசும் கொறையும். கடைக்காரன் நோட்டுல கடன்தான் ஏறும். வீட்டுக்குப் பின்னாடி மரவள்ளி போட்டிருப்போம், அதை அவிச்சுத் தின்போம். சேவலை விப்போம்." பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. சொல்லத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காலம் மாறும்போது வீட்டில் அரிசி குறையும், அப்பா முகம் வாடும், அப்படியும் அந்த நாள்களை எல்லாரும் சேர்ந்து கடந்துவிடுவார்கள் என்று தெரிந்த பிள்ளைக்கு, மாற்றம் வரும்போது பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. பாட்டி, உங்கள் கதைதான் எங்கள் புத்தகத்தின் நடுப்பக்கம்.

ஓய்வுபெற்ற நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. லியோ புஸ்காலியா 1982-ல் வெளியிட்ட, பிரெடி என்ற இலையின் கதையை அவர்தான் தமிழில் வாய்விட்டுச் சொன்னார். கிளையில் கடைசியாக மிஞ்சும் பிரெடியும் பனியில் விழுந்துவிடுகிற கதை அது. வகுப்பில் ஒரு பையனின் தாத்தா தீபாவளிக்கு முன்புதான் தவறியிருந்தார். அந்த இடம் வந்ததும் அவன், "அதே இலை திரும்ப வருமா?" என்று கேட்டான். நம்மில் பலர் என்ன செய்வோம்? "வசந்தம் வரும், புது இலை வரும்" என்று சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அம்மா புரட்டவில்லை. "அதே இலை வராதுப்பா" என்றார். புத்தகத்தை மடியில் திறந்தபடியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் தாத்தாவின் சைக்கிளைப் பற்றிப் பேசத் தொடங்கினான். இன்னொரு பெண், ஜொகூருக்கு வீடு மாறிப்போன தன் தோழியைப் பற்றிச் சொன்னாள். அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் பேசினார்கள். அன்று அடுத்த பக்கத்துக்குப் போகவே இல்லை. அம்மா, பிள்ளைகளுக்குப் படக்கதை சொல்வது எப்படி என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தக் காலையில்தான். தளிர் வரும் பக்கத்துக்கு அவசரமாக இழுத்துப் போகிறோமே, அது பெரும்பாலும் நம் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் அண்ணனை மறக்க முடியுமா? லோயிஸ் எலெர்ட் 2005-ல் வெளியிட்ட 'லீஃப் மேன்' படக்கதை, உண்மையான இலைகளைக் கலர் நகல் எடுத்து, வெட்டி ஒட்டிச் செய்தது. அதே முறையில் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். ரப்பர் இலை காய்ந்தால் சுருண்டுவிடும். அண்ணன் ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து விரித்து, கனத்த கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வைத்து, மறுநாள் கண்ணாடித் தட்டில் காம்பு முறியாமல் அடுக்கி நகல் எடுத்தார். தேர்வுக் காலக் கூட்டத்துக்கு நடுவில் செய்தார், மைச் செலவுக்குக்கூடக் காசு வாங்க மறுத்தார். அந்தச் சிவப்பும் மஞ்சளும் இவ்வளவு துல்லியமாக வந்ததற்கு அவர் பொறுமைதான் காரணம்.

வேன் கொடுத்த மாமாவுக்கும் நன்றி. அவர் தயவில்தான் கோலகங்சார் போய் வந்தோம். 1877-ல் அங்கே நட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் பெருமரமாக மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிரேசில் காட்டிலிருந்து விதையாகக் கிளம்பி, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக நம் பேராக்குக்கு வந்த மரம், இலை உதிர்க்கும் தன் வழக்கத்தையும் விடாமல் கூடவே கொண்டுவந்திருக்கிறது. "அப்ப இது நூறு தடவைக்கு மேல மொட்டையாகியிருக்கு!" என்று ஒரு வாண்டு கணக்குப் போட்டுக் கத்தியது. அந்த வரி அப்படியே புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

மண்டபச் சாவியை முகம் சுளிக்காமல் கொடுத்த கோயில் நிர்வாகத்தினர், நாசி லெமாக் கட்டிக் கொடுத்த அம்மாமார்கள், கேட்ட புத்தகங்களைத் தேடி எடுத்துவைத்த நூலகப் பணியாளர், ஒட்டிய பக்கங்களைத் தைத்துக் கொடுத்த தையற்கடை அக்கா, உங்கள் எல்லாருக்கும் பிள்ளைகள் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி.

புத்தகத்தின் ஒரு பிரதி மண்டபத்து அலமாரியில் இருக்கிறது, இன்னொன்று தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் போகிறது. மூன்றாவதைச் சித்திரைப் புத்தாண்டன்று பிள்ளைகளே பாட்டியின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறார்கள். வர விரும்புகிறவர்கள் காலை பூசை முடிந்ததும் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்தே நடந்து போகலாம்.

அன்புடன்,
சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு டீச்சர்
சுங்கை சிப்புட், பேராக்