டெர்ம் முடிஞ்சதும், உபுத் மியூசியம் போயிட்டு வந்ததும் – பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

பாலித் தீவுல, டென்பசார்ல நடக்கற நம்ம ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்போட இந்த டெர்ம் ஒருவழியா நல்லபடியா முடிஞ்சுது. சின்னப் பசங்க உயிரெழுத்த முடிச்சுட்டாங்க, பெரிய பசங்க குறள் ஒப்பிச்சாங்க, பேச்சுப்போட்டில கலந்துகிட்ட எல்லாருக்கும் வாழ்த்துக்கள், உக்காந்து கைதட்டுன உங்களுக்கும் வாழ்த்துக்கள். மார்க் ஷீட் அடுத்த வாரம் குரூப்ல வரும். ஃபீஸ் பாக்கி இருக்கறவங்களுக்கு தனியா மெசேஜ் பண்றேன், அத இங்க பேச வேண்டாம்.

போன மாசம் உபுத்ல புரி லுகிசான் மியூசியம் போனோம்ல, அதப் பத்தி கொஞ்சம் பேசணும். கடிதம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

புரி லுகிசான்னா ஓவிய அரண்மனைன்னு அர்த்தம். 1956ல தொறந்த இடம். அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே, 1936ல, உபுத் அரச குடும்பத்தச் சேர்ந்த சொகோர்தா குடே அகுங் சுகவதி, ஐரோப்பால இருந்து இங்க வந்து தங்கிட்ட ஓவியர்கள் வால்டர் ஸ்பீஸ், ருடால்ஃப் போனெட், அப்புறம் இந்த ஊர் பெரிய ஓவியர் லெம்பாட், இவங்கல்லாம் சேந்து பிதா மஹான்னு ஒரு கலைஞர் சங்கம் ஆரம்பிச்சாங்க. பேரக் கேட்டதும் பசங்க "பிதாமகர் பீஷ்மர்"னு கத்துனாங்க, அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிஜமாவே பெருமையா இருந்துச்சு. அந்தக் காலத்துல டூரிஸ்ட் வர ஆரம்பிச்சுட்டாங்க, அவங்க வாங்கறாங்கன்னு அவசர அவசரமா வரைஞ்சு விக்கறதும் ஆரம்பிச்சுருச்சு, இப்படியே போனா தரம் என்னாகும்னு ஒரு பயம், அதனாலதான் அந்த சங்கம். அப்புறம் நல்ல படமெல்லாம் தீவ விட்டு வெளிய போயிட்டே இருந்தா நம்ம பசங்க பாக்க என்ன மிஞ்சும்னு யோசிச்சுத்தான் மியூசியமும். அதாவது அவசரம் வேணாம்னு நெனச்சவங்க கட்டுன இடம் அது. அங்க நம்ம பசங்க எப்படி நடந்துகிட்டாங்கங்கறதுதான் இப்ப விஷயம்.

ஃபோன் தேவையில்லன்னு சர்க்குலர்ல எழுதிருந்தோம். 26 பசங்க வந்தாங்க, 19 ஃபோன் வந்துச்சு.

வடக்குப் பக்கம் கட்டிடத்துல லெம்பாட் வரைஞ்சதெல்லாம் இருக்கு. 1978ல காலமானாரு, நூறு வயசத் தாண்டுனவருன்னு சொல்வாங்க. கலரே அதிகம் இல்லாம வெறும் மையில, ஒரே கோட்டுல, ஒரு ஆளோட முதுகும் தோளும் அப்படியே உயிரோட நிக்கற மாதிரி வரைவாரு. கைடு அதக் காட்டி பேச ஆரம்பிச்சதும் ஒரு ஃபோன் அடிச்சுது. அம்மா. "இட்லி சாப்பிட்டியா, சட்னி லீக் ஆச்சா". கைடு சிரிச்சுகிட்டே நிறுத்துனாரு. திரும்ப ஆரம்பிச்சாரு, இன்னொரு ஃபோன். இது வீடியோ கால், ஊர்ல இருக்கற பாட்டிய கூட சேத்துவிட்டாச்சு. மூணாவது ஃபோன் அடிச்சப்ப அவரு "சிலாகன்"னு சொல்லிட்டு, அதாவது நீங்களே பேசுங்கன்னு, ஓரமா போய் நின்னுட்டாரு. கோபமே இல்ல அந்த மூஞ்சில, அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. எல்லா கால்லயும் நல்லா இருக்கியான்னு தவிர வேற எதுவும் இல்ல, நல்லாத்தான் இருந்தாங்க.

அடுத்தது வயாங் கேலரி, கிழக்குப் பக்கம். அங்க இருக்கறது நம்ம பாவைக்கூத்து மாதிரி இங்க நடக்கற தோல்பொம்மைக் கூத்தோட உருவங்கள அப்படியே துணில கொண்டுவந்த பாணி, கமாசான் கிராமத்துல இன்னிக்கும் வரையறாங்க. பருத்தித் துணில அரிசிக்கஞ்சி பூசி, வெயில்ல காயவெச்சு, சோழிய வெச்சு தேய்ச்சு தேய்ச்சு வழவழப்பாக்கி, அதுக்கப்புறம்தான் கோடே போடுவாங்க. ராமாயணம் மகாபாரதம் எல்லாம் இருக்கும். நல்லவங்களுக்கு கண்ணு சின்னதா நீளமா இருக்கும், முரடங்களுக்கு உருண்டையா முழிச்சுகிட்டு இருக்கும், பீமனுக்கு கட்டவிரல் நகம் மட்டும் கத்தி மாதிரி நீளமா இருக்கும். இதெல்லாம் சொல்லிக்கொடுக்கணும்னு நான் ரெண்டு நாள் உக்காந்து தயார் பண்ணிட்டு போனேன். அங்க ஒரு பையன் ரீல்ஸ் எடுக்கறேன்னு பின்னாடியே நடந்து போறான், முதுகுல பெரிய பை, பைக்கும் படத்துக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்ல. அங்க வேல பாக்கற ஒரு அக்கா ஓடி வந்து நடுவுல கைய வெச்சாங்க, அவங்க கைமேலதான் பை மோதுச்சு. படத்துக்கு ஒண்ணும் ஆகல. நான் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை பஹாசாவுல, அதாவது இந்தோனேசிய மொழில, எத்தன தடவ மாஃப் மாஃப்னு மன்னிப்பு கேட்டேன்னு எனக்கே தெரியல. பையன் யாருன்னு இங்க சொல்லமாட்டேன், குரூப்ல கேக்கவும் வேண்டாம்.

பத்துவான் கிராமத்துப் பாணிப் படங்கள் சிலது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காகிதம் முழுக்க இருட்டா, ஒரு விரல் அளவு கூட காலியா விடாம, இலை இலையா ஆள் ஆளா நெருக்கி வரைஞ்சிருப்பாங்க. பசங்க வரிசையா வந்து ஆளுக்கு ஒரு செல்ஃபி எடுத்துட்டு போயிட்டே இருந்தாங்க. சார்ஜ் தீந்துபோன ஒரு பொண்ணு மட்டும் வேற வழியில்லாம அதுக்கு முன்னாடி தரையில உக்காந்துட்டா. அரை மணி நேரம். திரும்பி வரப்ப பஸ்ல என்கிட்ட வந்து மிஸ் மரத்துக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சுகிட்டு பாத்துட்டே இருந்தான் நீங்க பாத்தீங்களான்னு கேட்டா. நான் பாக்கல. மத்த பசங்ககிட்ட என்ன பாத்தீங்கன்னு கேட்டா ஃபோனத் தொறந்து தேடுறாங்க, அதுல பூரா அவங்க மூஞ்சி, பின்னாடி படம் மங்கலா.

உங்க பயம் எனக்கு புரியாம இல்ல. சொந்தக்காரங்க இல்லாத ஊரு, உபுத் ரோடு டிராஃபிக், ஒரு மணி நேரத்துக்கு மேல பஸ்ல, பாதிப் பேருக்கு ஹோட்டல்ல ஷிஃப்ட், நடுவுல கெடைக்கற அஞ்சு நிமிஷத்துல புள்ள குரல கேக்கணும்னு தோணும். நானும் பெத்தவதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நியெபிங்கற மௌன நாளுக்கு இந்தத் தீவு முழுக்க ஒரு நாள் அடங்கி உக்காருது, 2018ல இருந்து 24 மணி நேரம் மொபைல் டேட்டாவயே நிறுத்தறாங்க, ஏர்போர்ட்டும் மூடறாங்க. நம்மளும்தான் வீட்டுக்குள்ள இருந்தோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. மூணு மணி நேரம் மியூசியத்துல ஃபோன் இல்லாம இருக்க முடியாதுன்னா அது பசங்க பிரச்சனை இல்ல.

அதனால முடிவா சொல்லிடறேன். அடுத்த ட்ரிப் குளுங்குங்ல கெர்த்தா கோசாங்கற பழைய நீதி மண்டபம். அங்க மண்டபத்துக் கூரை முழுக்க இதே கமாசான் பாணி ஓவியம்தான், பீமன் நரகத்துக்கே போய் அப்பா பாண்டுவையும் மாத்ரியையும் மீட்டுட்டு வர்ற கதை, எந்தப் பாவத்துக்கு என்ன தண்டனைன்னு வரிசையா இருக்கும். (ஃபோனுக்கு தண்டனை வரையற காலத்துக்கு முன்னாடியே அவங்க வரைஞ்சுட்டாங்க, தப்பிச்சோம்.) பஸ் ஏறும்போதே ஃபோன் எல்லாம் ஒரு பெட்டில பேர் எழுதி வாங்கி வெச்சுடுவோம், இறங்கும்போதுதான் கெடைக்கும். ரெண்டு டீச்சர் நம்பர் குடுப்போம், அவசரம்னா அதுக்கு கூப்பிடுங்க, சட்னி லீக் ஆச்சான்னு கேக்க வேண்டாம். கூட வர்ற பெற்றோர்களுக்கும் இதே ரூல்தான், போன தடவ ரெண்டு பேர் கேலரி வாசல்லயே உக்காந்து ஆஃபீஸ் கால் பேசிட்டு இருந்தீங்க, நான் பாத்தேன். இதுக்கு சம்மதமில்லன்னா அன்னிக்கு புள்ளைய வீட்ல வெச்சுக்கோங்க, தப்பா நெனைக்கமாட்டேன், ஆனா ரூல மாத்தமாட்டேன்.

சரி, நிறைய பேசிட்டேன். நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்காம நேரா பஸ்ஸுக்கு வந்த அந்த அம்மாவுக்கும், 26 பேருக்கும் புளிசாதம் கட்டிக் குடுத்த வீட்டுக்கும், வழியில வாந்தி எடுத்த மூணு பசங்களையும் மூஞ்சி சுளிக்காம பாத்துகிட்ட அப்பாக்களுக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அந்தப் பையனோட வீட்ல இருந்து அன்னிக்கு ராத்திரியே கூப்பிட்டு வருத்தப்பட்டாங்க, அதுக்கும் நன்றி. அவன் பஹாசாவுல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிருக்கான், தப்பு தப்பாத்தான் இருக்கு, நான் திருத்தல, அடுத்த தடவ உபுத் பக்கம் போறப்ப அந்த அக்காகிட்ட குடுத்துடறேன்.

லீவு நல்லா போகட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பஸ்ல ஒரு நீல கலர் தண்ணி பாட்டில், ஒரு கண்ணாடி, இடது கால் செருப்பு ஒண்ணு மட்டும் கெடந்துச்சு. செருப்புக்காரங்க எப்படி வீட்டுக்கு போனீங்கன்னு தெரியல, வந்து வாங்கிக்கோங்க.