குதிக்கும் பிணங்களை மறுபடி எழுப்பப்போகும் ஹாங்காங் இயக்குநர்களுக்கு

வணக்கம்.

சீனக் கதைகளில் பிணமாக எழுந்து குதித்துக் குதித்து வரும் ஜியாங்ஷி பேய்களை மறுபடி படமெடுக்கும் ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். தாராளமாக எடுங்கள். சிரிப்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள். 2013இல் வந்த 'ரிகர் மார்டிஸ்' பழைய ஜியாங்ஷி படங்களின் நடிகர்களையே கூட்டிவந்து, இருட்டும் சோகமுமாக மிரட்டியது. நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்று போதும்.

ரிக்கி லாவ் இயக்கத்தில் 1985இல் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' படத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், குறிப்பாக அந்தச் சவப்பெட்டிக் காட்சியை. பிணம் வெளியே வராமலிருக்க, கோழி ரத்தம் கலந்த மையில் நூலை நனைத்து, பெட்டி முழுக்கக் கோடு அடிக்க வேண்டும் என்பது பேயோட்டும் குருவின் உத்தரவு. சீடர்கள் இருவரும் மேலே, பக்கவாட்டில் எல்லாம் தச்சு வேலைபோல அடித்து முடிக்கிறார்கள். அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் என்ன, பிணம் வெளியே வந்துவிடுகிறது. பயத்துக்கும் சிரிப்புக்கும் அங்கே ஒரே காரணம்தான், அந்த இரண்டு பேரின் அசட்டுத்தனம். ஒட்டரிசி விவகாரமும் அப்படித்தான். பேயின் விஷத்தை முறிக்க வாங்கிய அரிசியில் கடைக்காரன் சாதா அரிசியைக் கலந்துவிடுகிறான். பிணமே எழுந்து நடமாடும் ஊரிலும் அவனுக்கு லாபம்தான் பெரிது!

அந்தப் பேய்க்குச் சட்டதிட்டம் உண்டு. மூச்சை அடக்கினால் ஆள் இருப்பது அதற்குத் தெரியாது. நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை ஒட்டினால் அசையாமல் நிற்கும். இதெல்லாம் நமக்கும் தெரிந்திருப்பதால்தான் திரையில் ஒருவன் மூச்சைப் பிடிக்கும்போது நாமும் பிடிக்கிறோம். கிராபிக்ஸில் பறந்து, மறைந்து, நினைத்ததையெல்லாம் செய்யும் பேயிடம் இந்த விளையாட்டு நடக்காது.

அந்தக் குருவாக நடித்த லாம் சிங்-யிங்கைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. புரூஸ் லீயின் சண்டைக் குழுவில் இருந்தவர். ஒட்டிய புருவமும் விறைத்த முகமுமாக, காபி குடிக்கத் தெரியாமல் திணறும்போதும் குருவின் கெத்தை விடமாட்டார். தான் காமெடிப் படத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது என்று நினைக்கத் தோன்றும். 1997இல், 44 வயதில் போய்விட்டார். அவர் இடத்தில் நகைச்சுவை நடிகர் ஒருவரைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். சண்டை தெரிந்த, சிரிப்பை அடக்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். பேய்க்குப் புதிய விதிகள் வேண்டுமா? சரி, வையுங்கள். கிளைமாக்ஸ் வந்ததும் மாற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பேய்களின் ரசிகன்