தனி ஆட்டத்துக்கும் பாட்டுக்காரர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நவீனத் தனிநடனம் பற்றி வந்த கட்டுரை, அந்த நடனத்தை ஒரே ஒருவரின் படைப்பு என்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்க நடனக் கலைஞர் கிரிகரி மக்கோமா தன் முன்னோரான, கோசா இனத் தலைவர் மக்கோமாவைப் பற்றி ஆடிய தனி ஆட்டத்தையே பாருங்கள். நான்கு பாடகர்களும் ஒரு கிதார்க்காரரும் மேடையிலேயே அவருடன் இருந்தார்கள். அமெரிக்க நடனக் கலைஞரான டெபோரா ஹே 1998 முதல் 2012 வரை, ஒவ்வொரு முறையும் ஒரு தனிநடனத்தைப் பலருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டவர்கள் அவரவர் ஊருக்குப் போய்க் குறைந்தது மூன்று மாதம் பயிற்சி செய்து, தமக்கேற்ப அதை வளர்த்த பிறகுதான் மேடையேறினார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. பரதநாட்டியத்தில் பதம் (பாவத்துக்கு முதலிடம் தரும் பாடல்) ஆடும்போது பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் வேறொரு பாவத்தைக் காட்டுவார். பாடகர் புதிதாக ஒரு சங்கதி (அதே வரியை இசையில் மாற்றிப் பாடுவது) போட்டால் அபிநயமும் அந்தப் பக்கம் திரும்பும். பாலசரஸ்வதி இதில் கரைகண்டவர். இங்கே கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் விடிய விடிய ஆடிய தெருக்கூத்திலும் (டர்பனில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றால்தான் பலருக்குத் தெரியும்) பின்பாட்டு இல்லாமல் வேடக்காரர் இல்லை.

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நான் பார்க்கும் அரங்கேற்றங்களில் பெரும்பாலும் பதிவு செய்த பாட்டுக்குத்தான் பிள்ளைகள் ஆடுகிறார்கள். செலவு புரிகிறது. சென்னையிலிருந்து பாட்டுக்காரரையும் மிருதங்கக்காரரையும் வரவழைக்க எல்லாக் குடும்பத்துக்கும் வசதி இருக்காது. ஆனால் பதிவுக்குக் காது கிடையாதே! ஆடும் பெண் ஒரு பார்வையில் இன்னும் கொஞ்சம் நிற்க நினைத்தாலும் அடுத்த வரி வந்துவிடும். அப்புறம் அவள் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, மனதுக்குள் எண்ணியபடியே ஆடுவாள். வருடக்கணக்கில் அப்படிப் பழகியவள், 'ஜோம்பா' போன்ற நவீன நடன விழா மேடையில் திடீரென்று மனோதர்மத்தோடு (அந்த நேரத்துச் சொந்தக் கற்பனையோடு) ஆட வேண்டும் என்று கட்டுரையாளர் எதிர்பார்ப்பது நியாயமா?

மார்க்கம் (அரங்கேற்ற நிகழ்ச்சியின் உருப்படி வரிசை) முழுவதற்கும் கேட்கவில்லை. ஒரே ஒரு பதத்துக்காவது உள்ளூர் பாடகர் ஒருவரை உட்காரவையுங்கள் என்று நடன ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோவில்களில் தேவாரம் பாடுகிறவர்களும் தைப்பூசத்தில் காவடிக்குப் பாடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பதம் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். அதனால்தான் மேடைக்கு மட்டும் இல்லாமல் ஒத்திகை முழுவதும் அவரே பாட வேண்டும் என்கிறேன். அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் கவனிக்கப் பழகுவார்கள். பாட முன்வருகிறவர்களின் பெயர்களை உங்கள் இதழே கேட்டு வாங்கி வெளியிட்டால் ஆசிரியர்கள் தேடி அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்