தம்பிக்கு அக்கி ஊசி எப்போது?

மண்டபம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். தடைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. இறால் விலைதான் இன்னும் நிலைக்கு வரவில்லை.

தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி நாலு மாதம் ஆகிறதே, அக்கி ஊசியைப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. மாற்றிய சிறுநீரகத்துக்காக அவன் சாப்பிடும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் மாத்திரைகள் எல்லாம் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால்தான், எப்போதோ வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சிலிருந்து அக்கியாகக் கிளம்புகிறது. அதே காரணத்தால் இப்போது போட்டால் ஊசியும் சரியாகப் பிடிக்காது. பொதுவாக 6 முதல் 12 மாதம் கழித்து, மாத்திரை அளவு குறைந்து, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறி இறங்காமல் நின்ற பிறகுதான் போடுவார்கள். நடுவில், புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்க மறுக்கும் ரிஜெக்‌ஷன் வந்தால் இன்னும் தள்ளிப்போகும். டயாலிசிஸில் காத்திருக்கிறவர்கள் யாராவது உனக்குத் தெரிந்தால் மாற்றுக்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல், அதுதான் நல்லது.

ஊசியின் பெயர் ஷிங்ரிக்ஸ். 2023இல் இந்தியாவுக்கு வந்தது. இதில் உயிருள்ள கிருமி கிடையாது. உயிர்க்கிருமி ஊசி எதுவும் தம்பிக்கு ஆகாது. தோள்பட்டைத் தசையில் 0.5 மி.லி. வீதம் இரண்டு டோஸ். மற்றவர்களுக்கு 2 முதல் 6 மாத இடைவெளி, இவனைப் போன்றவர்களுக்கு 1 முதல் 2 மாதமே போதும். மறுநாள் கை வலியும் காய்ச்சலும் வரலாம். பாராசிட்டமால் போதும், டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரை பக்கமே போகவேண்டாம், சிறுநீரகத்துக்குக் கேடு.

மதுரையில் வாங்கி இங்கே கொண்டுவந்து போடும் யோசனை இருந்தால் விட்டுவிடு. 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டிய மருந்து. நம்மூர்ப் பழக்கத்தில் மீன்பெட்டி மாதிரி ஐஸுக்குள் புதைத்தால் உறைந்துபோகும். உறைந்ததைக் குப்பையில்தான் போடவேண்டும். பரிசோதனைக்குப் போகிற அன்று அங்கேயே போட்டுக்கொள்ளட்டும்.

அதுவரை என்ன செய்வது? சி.எம்.வி. என்கிற வைரஸ் வராமலிருக்க அவன் சாப்பிடும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரை அக்கியையும் தடுக்கும். அதை நிறுத்தும் நாளில், அக்கியைத் தடுக்க ஏசைக்ளோவிர் மாத்திரை தொடரவேண்டுமா என்று டாக்டரிடம் மறக்காமல் கேள். வீட்டில் சின்னம்மை வராத பிள்ளைகளுக்கு அதற்கான ஊசியைத் தாராளமாகப் போடலாம். போட்டபின் உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் தம்பியிடம் அண்டவிடாதே.

விலாவிலோ முதுகிலோ ஒரே பக்கமாக எரிச்சல் வந்து, பிறகு கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால், அம்மா காவி குழைத்து அக்கி எழுதக் கூப்பிடுவார். எழுதட்டும், ஆனால் அதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் போடு. 72 மணி நேரத்துக்குள் வாலாசைக்ளோவிர் மாத்திரை தொடங்கவேண்டும், அளவைக் கிரியாட்டினின் பார்த்து அவர் சொல்வார். கண்ணருகே, மூக்கு நுனியில் வந்தாலோ, உடம்பு முழுக்கப் பரவினாலோ மாத்திரை போதாது. அட்மிட் செய்து ரத்தக்குழாய் வழியாகத்தான் மருந்து ஏற்றவேண்டும்.

அடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை