பாக் விரிகுடாவுக்கு இரு கரையும் சேர்ந்த திட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடல் சூழல் பாதுகாப்புக்கு வரும் வெளிநாட்டு நிதி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு பணம் வருகிறது, எதற்குச் செலவாகிறது என்பதை விளக்கியதற்கு நன்றி. ஆனால் எங்களைப் போலக் கடலோரத்தில் வாழ்பவர்களை உறுத்தும் கேள்வி அதில் இல்லை. பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா போல இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் ஒரு கடலுக்கு வரும் பணம், ஏன் எப்போதும் ஒரு கரைக்கு மட்டுமே வருகிறது?

நாங்கள் தென்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் தேசியப் பூங்கா வந்தது. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 2002 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகள் உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியத்தின் பணத்தில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக இங்கே வேலை நடந்தது. அதனால் பலனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்தோறும் குழுக்கள் அமைந்தன. பெண்களின் கையில் சுழல்நிதி புழங்கியது. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலம், சட்டமும் கண்காணிப்பும் இறுகிய பிறகு முடிவுக்கு வந்தது. ஆனால் திட்டத்தின் எல்லை, கடல் எல்லைக் கோட்டோடு முடிந்தது. அதே நிதியம் 2015இல் நாங்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவையும் கடற்புல்லையும் காக்க எட்டு நாடுகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்த எட்டில் இலங்கை இருந்தது, இந்தியா இல்லை. மன்னார்ப் பக்கத்தில் மேயும் ஆவுளியாவுக்கு ஒரு காலத்தில் ஒரு திட்டம், நம் பக்கத்தில் மேயும் ஆவுளியாவுக்கு வேறொரு காலத்தில் வேறொரு திட்டம். பணம் கொடுத்த நிதியம் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான்.

2002இல் இலங்கையில் போர்நிறுத்தம் வந்திருந்தாலும் போர் முடிந்துவிடவில்லை. அன்று கூட்டுத் திட்டம் சாத்தியமில்லை என்பதை ஏற்கிறேன். 2009இல் போர் முடிந்த பிறகும் அப்படியே விட்டதற்கு என்ன சமாதானம் சொல்வது?

கரைக்கொரு திட்டம், கரைக்கொரு சட்டம் என்று இருப்பதன் விளைவை அன்றாடம் பார்க்கிறோம். கடல் அட்டையைப் பிடிக்க 2001 முதல் இந்தியாவில் முழுத் தடை. இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், பண்ணை வைத்து வளர்க்கலாம். ஆகவே இங்கே பிடிபடும் அட்டை இரவோடு இரவாக அக்கரைக்குப் போகிறது. அட்டையும் காப்பாற்றப்படவில்லை, அதை நம்பியிருந்த குடும்பங்களும் காப்பாற்றப்படவில்லை. கடல் தரையை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பக்கம் இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை உண்டு, ஒற்றை இழுவைமடி தொடர்கிறது. ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலத்தில் நம் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் யாழ்ப்பாணத்து மீனவர்கள் வலை அறுபடும் பயமில்லாமல் தொழில் செய்கிறார்கள். இதைச் சொன்னால் எங்கள் ஊரிலேயே சிலருக்குக் கோபம் வரும். நம் மீனவர்கள் கைதாவதும் படகுகள் பறிபோவதும் எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாத பாக் விரிகுடாவின், அதாவது எங்கள் வடகடலின் தரையை இழுவைமடி தினமும் வாரிக்கொண்டே இருந்தால், பிடிக்க எதுவும் மிஞ்சாது.

இழுவைப்படகு இந்தக் கரைக்கு எப்படி வந்தது என்பதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். 1952இல் ஐ.நா., நார்வே, இந்தியா மூன்றும் செய்த ஒப்பந்தத்தால் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கியது இந்தோ–நார்வே திட்டம். 1960களில் அது மண்டபம் வரை வந்தது. பிறகு அரசு மானியமும் இறால் ஏற்றுமதி விலையும் சேர்ந்து விசைப்படகுகளைப் பெருக்கின. பசியைப் போக்கும் நல்லெண்ணத்தில் வந்த உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கடலை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் வெளிநாட்டுப் பணத்துக்கும் பங்கு இருக்கும்போது, அதைச் சீராக்கும் செலவில் அந்த நாடுகளுக்குப் பொறுப்பு இல்லையா? மாநில அரசு இப்போது உலக வங்கி உதவியோடு சுமார் 1,675 கோடி ரூபாயில் கடலோர மீட்புத் திட்டத்தை எடுத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் உலக வங்கி தருவது கடன், நாம்தான் திருப்பிக் கட்ட வேண்டும்.

பல நாடுகளுக்குப் பொதுவான நீர்ப்பரப்புகளுக்கென்றே உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியத்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில்தான் வங்காள விரிகுடாவின் எட்டு நாடுகளையும் ஒன்றுசேர்த்து, உணவு வேளாண் அமைப்பின் பொறுப்பில் 2009 முதல் 2015 வரை ஒரு பெருந்திட்டம் நடந்தது. வங்கதேசம், இந்தியா, மியான்மர் மூன்றும் உல்லம் மீனின் நிலையைச் சேர்ந்து ஆராய்ந்தது அப்போதுதான். இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நான்கும் உறுப்பினர்களாக உள்ள வங்காள விரிகுடா திட்ட அமைப்பின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. 1979இல் தொடங்கிய முயற்சி அது. எனவே வழியும் அனுபவமும் இருக்கின்றன. பாக் விரிகுடாவுக்கென்று இரு அரசுகளும் சேர்ந்து விண்ணப்பம் போடாததுதான் குறை.

அந்த விண்ணப்பத்தில் கடற்புல், பவளம் மட்டும் இருந்தால் போதாது. இழுவைமடியை விடுகிறவருக்கு மாற்றுத் தொழில் வேண்டும், அதற்கான செலவும் அதில் இருக்க வேண்டும். 2017இல் கொண்டுவந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தில் 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 விழுக்காடு மானியம் கிடைத்தும், 2,000 படகு என்ற இலக்கில் மிகச் சிறு பங்குதான் நிறைவேறியது. மீதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் டீசல் செலவையும் சுமக்க முடியாதவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கூலிக்குப் படகேறும் தொழிலாளியைப் பற்றியோ அந்தத் திட்டம் நினைக்கவே இல்லை. ஐந்தாண்டில் மூட்டை கட்டும் திட்டமாகவும் இது இருக்கக் கூடாது. முதலைத் தொடாமல் வட்டியில் நடக்கும் நிரந்தர நிதியாக, இரு கரை மீனவர்களும் கணக்குக் கேட்கும் உரிமையோடு அமைய வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களும், தீவோரம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களும், யாழ்ப்பாணம், மன்னார் கூட்டுறவுச் சங்கங்களும் திட்டம் எழுதும்போதே உடன் இருக்க வேண்டும். 2010இலும் 2014இலும் இரு நாட்டு மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியவர்கள்தான். பேச மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை.

2016இல் அமைத்த இந்திய–இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழு அடுத்து எப்போது கூடினாலும், கைதையும் படகு விடுவிப்பையும் பேசி முடித்ததும் கலைந்துவிடக் கூடாது. கூட்டு விண்ணப்பம் அதன் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும். கடலோரத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும். எந்த அமைச்சகம் இதற்குப் பொறுப்பு, எப்போது விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று தங்கள் செய்தியாளர்களும் டெல்லியிலும் கொழும்பிலும் கேட்டு எழுதும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்